இலைக்குள் ஒரு மருந்துச்சாலை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் நாடகமும் இடம்பெறுவதே வழக்கம். அவற்றினிடையே செடிகொடிகளையும் கிருமிகளையும் பற்றிய ஒரு சொற்பொழிவு அமைந்திருப்பது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் இப்பொருள் நம் இல்லங்களுக்கு அயலானதன்று. குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட இரவில் நாம் நாடும் மருந்து எங்கிருந்து வந்தது? அஃது இனியும் பயன் தருமா? பயன் தராது போயின் அதன் இடத்தை நிரப்ப எது வரும்? இவையே இன்று நாம் எண்ணிப் பார்க்க விரும்பும் கேள்விகள். இவற்றிற்குரிய விடையின் ஒரு பகுதி, நாம் நாள்தோறும் நிழலுக்கு ஒதுங்கும் மரங்களின் இலைகளுக்குள்ளேயே இருக்கிறது என்பதை எடுத்துரைப்பதே எம் நோக்கம்.

முதற்கண், நாம் வந்து குடியேறிய இந்நகரின் பழைய நிகழ்ச்சி ஒன்றை நினைவு கொள்வோம். 1896ஆம் ஆண்டு பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் விரைவில் புனேயையும் பற்றிக்கொண்டது. வீடுகள் வெறிச்சோடின, தெருக்கள் பாழாயின. பெண் கல்விக்காகத் தம் வாழ்வையே ஈந்த சாவித்திரிபாய் புலே அம்மையார், நோயுற்றோரைத் தேடிச் சென்று தொண்டு புரிந்து, அந்நோய்க்கே தம்மையும் பலியாக்கி, 1897 மார்ச் 10ஆம் நாள் மறைந்தார். அதே பிளேக் நோய் இன்று தொடக்கத்திலேயே கண்டறியப்படுமாயின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற மருந்துகளால் பெரும்பாலும் குணமாகிவிடும். அம்மையாரின் காலத்தில் அன்பு இருந்தது, தொண்டு இருந்தது, துணிவு இருந்தது, மருந்துதான் இல்லை.

அம்மருந்துகள் எவ்வாறு கிட்டின? 1928ஆம் ஆண்டு இலண்டனில் அலெக்சாண்டர் பிளெமிங், கிருமிகளை வளர்த்து வைத்திருந்த தட்டு ஒன்றில் பூசணம் படர்ந்திருக்கக் கண்டார். நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் ஈரக் கரண்டி பட்டால் படரும் பூசணத்தைப் போன்றதே அது. பூஞ்சை என்று விஞ்ஞானிகள் கூறும் அதனைச் சுற்றிலும் கிருமிகள் அழிந்திருந்தன. அதிலிருந்து பிறந்ததே பெனிசிலின். பின்னர் 1943இல் அமெரிக்காவில் வாக்ஸ்மன் என்பாரின் ஆய்வுக்கூடத்தில், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினை ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற இளைஞர் கண்டெடுத்தார். நுண்ணுயிரை வெல்ல நுண்ணுயிரிடமே ஆயுதம் வாங்கலாம் என்னும் உண்மையை உலகம் உணர்ந்தது இவ்வாறுதான். ஆன்டிபயாடிக் என வழங்கும் மருந்துகளிற் பெரும்பாலன இவ்வழி வந்தவையே.

இவ்வரலாற்றில் நம் புனேக்கும் ஒரு சிறந்த இடம் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நல நிதியும் துணை நிற்க, நம் அரசாங்கம் 1954ஆம் ஆண்டு பிம்ப்ரியில் இந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ் நிறுவனத்தை அமைத்தது. 1955இல் அங்கே பெனிசிலின் ஆக்கம் தொடங்கிற்று. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த மருந்து, பம்பாய்ச் சாலையோரத்திலேயே பெருங்கொப்பரைகளில் விளையத் தொடங்கியது.

பிறர் கண்ட மருந்தை ஆக்குவதோடு அந்நிறுவனம் நிறைவு கொள்ளவில்லை. பூஞ்சையியல் அறிஞர் எம். ஜே. திருமலாச்சார் அவர்களும் அவருடைய குழுவினரும் மண்ணை அள்ளி அள்ளி ஆராய்ந்தனர். 1961ஆம் ஆண்டு, ‘ஸ்ட்ரெப்டோமைசிஸ் பிம்ப்ரினா’ என்று பிம்ப்ரியின் பெயரையே தாங்கிய நுண்ணுயிரிலிருந்து ‘ஹமைசின்’ என்ற புதிய மருந்தை உலகிற்கு அறிவித்தனர். வாயிலும் காதிலும் பெண்களின் பிறப்புறுப்பிலும் பூஞ்சையால் உண்டாகும் நோய்களுக்கு அது பயன்பட்டது. அந்நிறுவனம் பிற்காலத்தில் நலிவுற்றது யாவரும் அறிந்ததே. ஆயினும் இந்திய மண்ணில், இந்திய அறிஞர் கையால், புதிய ஆன்டிபயாடிக் ஒன்று பிறந்த ஊர் என்னும் பெருமை பிம்ப்ரிக்கு என்றும் நிலைத்திருக்கும்.

அங்கே பிறந்த மற்றொரு மருந்து ஆரியோபஞ்சின். அது பயிர்களுக்கான மருந்து. தஞ்சைத் தரணியிலிருந்து வந்தோர் ‘தஞ்சாவூர் வாடல் நோய்’ என்ற தென்னை நோயைக் கேள்வியுற்றிருப்பீர்கள். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் அந்நோய் அங்கே கடுமையாயிற்று என்பர். வேரிலும் அடிமரத்திலும் பூஞ்சை பற்றி, மரம் மெல்ல வாடி வீழும். அதற்கு வேளாண் அறிஞர்கள் பரிந்துரைத்த முறை வியப்புக்குரியது: இரண்டு கிராம் ஆரியோபஞ்சின் கரைமருந்தையும் ஒரு கிராம் மயில்துத்தத்தையும் நூறு மில்லி நீரில் கரைத்து, ஒரு சிறு பையில் ஊற்றி, உயிருள்ள இளவேர் ஒன்றைச் சீவி அதனுள் அமிழ்த்திக் கட்டிவிட வேண்டும். வேர் அம்மருந்தை உறிஞ்சி மரத்தினுள் ஏற்றிக்கொள்ளும். பிம்ப்ரியில் கண்ட மருந்து தஞ்சைத் தென்னையின் உடலுக்குள் ஏறியது இவ்வாறு.

மரத்தினுள் மருந்தை நாம் வெளியிலிருந்து ஏற்றுகிறோம். இயற்கையோ அதனை முன்னமே உள்ளே வைத்திருக்கிறது. இனி அதனைக் காண்போம்.

வெளியிலிருந்து நோக்குங்கால் ஓர் இலை, ஒரே உயிரின் ஒரே உறுப்பாகவே தோன்றுகிறது. உண்மையில் அது பலர் குடியிருக்கும் காலனி. உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய வெளிகளில் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும், செடிக்கு நோய் எதுவும் உண்டாக்காமல், ஓசையின்றிக் குடியிருக்கின்றன. இவற்றை ஆங்கிலத்தில் எண்டோபைட் என்பர். உள்ளுறை நுண்ணுயிர்கள் என நாம் கூறலாம். இதுவரை ஆராயப்பட்ட தாவரங்களுள் இவை அறவே இல்லாத தாவரம் அரிது. துளிர்க்கும்போது மரத்தின் இளந்தளிர் பெரும்பாலும் தூய்மையாகவே இருக்கிறது. காற்றிலும் மழைத்துளியிலும் வரும் பூஞ்சை வித்துக்கள் அதன்மேல் விழுந்து, தோலைத் துளைத்தோ இலைத்துளைகளின் வழியாகவோ உட்புகுந்து, நாள்தோறும் குடிபெருகுகின்றன. முற்றிய இலையில் அவை நிறைந்துவிடுகின்றன. சில புல்லினங்களில் விதை வழியாகவே தாயிடமிருந்து சேய்க்குச் செல்வதும் உண்டு.

குடியிருப்போர் வாடகை தர வேண்டுமன்றோ? இவையும் தருகின்றன. இலையினுள் இடமும் உணவும் குறைவு. புதிதாக நுழையும் ஒவ்வொரு கிருமியும் இவற்றிற்குப் பகை. ஆதலின் அந்நியரைத் தடுக்கும் பொருட்டுப் பலவகை வேதிப்பொருள்களை இவை ஆக்குகின்றன. அப்பொருள்கள் வீட்டுக்காரரான செடியையும் காக்கின்றன. பனாமா நாட்டில் கொக்கோச் செடிகளை வைத்து நிகழ்த்திய ஓர் ஆய்வு 2003இல் வெளியாயிற்று. உள்ளுறை பூஞ்சைகள் குடியேறிய இலைகளையும், அவை இல்லாத இலைகளையும் ஒரே நோய்க்கிருமிக்கு ஆளாக்கிப் பார்த்தனர். குடியிருப்போர் உள்ள இலைகளில் சேதம் குறைவாகவும், அவை இல்லாத இலைகளில் மிகுதியாகவும் இருந்தது. எனினும் இவை யாவும் நல்லவை என்று கொள்ளற்க. செடி நலிந்தால் நோய்க்கிருமியாக மாறுவனவும் இவற்றுள் உண்டு. இலையைக் காக்கும் பொருள்களுள் சில மனிதரையும் காக்கும் மருந்தாகலாம் என்பதே ஆய்வாளரின் நம்பிக்கை.

இவற்றை எவ்வாறு பிடிப்பது? முறை எளிது, பொறுமைதான் பெரிது. நோயற்ற இலையைப் பறித்து நன்கு கழுவுவர். பின் ஆல்கஹாலிலும், துணி வெளுக்கப் பயன்படும் ஹைப்போகுளோரைட் கரைசலிலும் சிறிது நேரம் தோய்ப்பர். இதனால் மேற்பரப்பில் ஒட்டியுள்ள கிருமிகள் மாயும். உள்ளே வாழ்வன தப்பும். தூய நீரில் அலசிய பின், அந்த அலசு நீரிலும் ஏதேனும் முளைக்கிறதா என்று தனியே சோதிப்பர். முளைக்காவிடில், இனி வெளிவருவது உள்ளிருந்ததே என்று உறுதி கொள்ளலாம். பின் இலையைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கடற்பாசிக் கூழ் பரப்பிய தட்டில் வைப்பர். சில நாட்களிலோ வாரங்களிலோ வெட்டுவாயிலிருந்து பஞ்சு போன்ற இழைகள் எட்டிப் பார்க்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து வளர்த்து, அவை விடும் சாற்றை நோய்க்கிருமிகளின்மேல் இட்டுப் பார்ப்பர். கிருமி அழிந்த தெளிவட்டம் தோன்றினால் ஆய்வு தொடரும். பிளெமிங் எதிர்பாராது கண்ட அதே வட்டத்தை இங்கே எதிர்நோக்கித் தேடுகிறார்கள்.

இத்தேடலிற் கண்ட சிலவற்றைக் கூறுவோம். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் பழங்குடி மக்கள் ஒரு கொடியை நசுக்கிக் காயத்தின்மேல் வைத்துக் கட்டுவது வழக்கம். அமெரிக்க அறிஞர் கேரி ஸ்ட்ரோபெல் குழுவினர் அக்கொடியின் தண்டினுள் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஒன்றிலிருந்து, கிருமிகளைக் கொல்லும் ‘முனும்பிசின்’ என்ற பொருள்களை 2002இல் அறிவித்தனர். செடியின் குணம் என நெடுங்காலம் கருதிவந்தவற்றுள் ஒரு பகுதி, செடிக்குள் வாழும் குடியின் குணமாகவும் இருக்கலாம் என்ற எண்ணத்தை அது வலுப்படுத்தியது.

நம் வேம்பும் இவ்வாய்வுக்கு உட்பட்டது. காசி இந்துப் பல்கலைக்கழக அறிஞர்கள் ஸ்ட்ரோபெலுடன் கூடி, வேப்ப வேரினுள் வாழும் பூஞ்சை ஒன்று கிருமிகளுக்கு எதிரான ‘ஜவானிசின்’ என்ற பொருளை ஆக்குவதை 2009இல் வெளியிட்டனர். அப்பொருள் முன்னரே வேறொரு பூஞ்சையில் அறியப்பட்டதே. இத்துறையில் அடிக்கடி நேர்வது இது: பல மாதம் உழைத்துத் திறந்த பெட்டியில் முன்பே அறிந்த நாணயம் இருக்கக் காண்பது. நம் புனேயின் தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்திலோ வேறொரு வியப்பைக் கண்டனர். ஜெரேனியச் செடியின் இலையும், அவ்விலையுள் வாழும் ஒரு பூஞ்சையும், பொன் உப்புக் கரைசலைப் பொன்னின் நுண்துகள்களாக மாற்றுவதை 2003இல் வெளியிட்டனர். மாடியில் நாம் தொட்டியில் வளர்க்கும் செடியினுள்ளும் இத்தகைய இரசாயனத் திறமை ஒளிந்திருக்கிறது.

ஆயின், இலையினுள் தேடிய தேடல் என்றேனும் மருந்துக் கடைவரை வந்ததுண்டா என்று நீங்கள் கேட்கலாம். வந்ததுண்டு. ஸ்பெயின் நாட்டில் ஜூனிபர் என்ற ஊசியிலைத் தாவரத்தின் உயிருள்ள இலையிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தெடுத்தனர். அது தந்த ‘என்பியூமாபஞ்சின்’ என்ற பொருள் 2000ஆம் ஆண்டு வெளியுலகிற்கு அறிவிக்கப்பட்டது. அப்பொருளை வேதிமுறையிற் செப்பனிட்டு ஆக்கிய ‘ஐப்ரெக்ஸாபஞ்செர்ப்’ என்ற மாத்திரைக்கு 2021 ஜூன் மாதத்தில் அமெரிக்க அரசு அனுமதி அளித்தது. பெண்களுக்கு உண்டாகும் கேண்டிடா என்ற பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து அது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பிம்ப்ரியின் ஹமைசின் எந்தப் பகையை எதிர்த்ததோ, அதே பகையை எதிர்க்க இப்போது ஓர் இலையின் உள்ளிருந்து துணை வந்துள்ளது. இடையே கழிந்தவை இருபத்தோர் ஆண்டுகள் என்பதையும் கவனியுங்கள். நஞ்சாகுமோ, நிலைக்குமோ, உடலில் சேருமோ என்று ஒவ்வொரு படியாகச் சோதித்து ஏற இத்தனை காலம் ஆயிற்று.

இத்துணைக் காலம் காத்திருக்க நமக்கு நேரம் இருக்கிறதா? இங்கேதான் கவலை தொடங்குகிறது. பெனிசிலினைக் கண்ட பிளெமிங், 1945இல் நோபல் பரிசு ஏற்றபோதே ஓர் எச்சரிக்கை விடுத்தார். போதிய அளவின்றி மருந்து உண்டால் கிருமிகள் மாளாமல் அம்மருந்தைத் தாங்கப் பழகிவிடும் என்றார். அவர் அஞ்சியதே நிகழ்ந்தது. மருந்துக்கு அஞ்சாத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தனர் என்று, 2022இல் வெளியான பன்னாட்டு ஆய்வு மதிப்பிட்டது. பூஞ்சை நோய்களின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவற்றிற்கான மருந்து வகைகளைக் கைவிரல் கொண்டு எண்ணிவிடலாம். 2021ஆம் ஆண்டு கொரோனாவின் இரண்டாம் அலையை அடுத்துக் கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, ஆம்போடெரிசின் என்ற ஊசி மருந்துக்குக் கடை கடையாக, மருத்துவமனை மருத்துவமனையாக மக்கள் அலைந்ததை மறக்க இயலுமா? அம்மருந்தும் ஹமைசினுக்கு உறவுடைய, மண்வாழ் நுண்ணுயிர் தந்த பழைய மருந்தே.

பழைய மருந்துகள் வலுவிழக்க, மண்ணில் தேடியோருக்குக் கண்டதே மீண்டும் கிட்ட, இலைகளின் உட்புறம் புதிய வயலாகத் திறந்திருக்கிறது. இவ்வயலுக்கும் ஓர் ஆபத்து உண்டு. அதனைச் சஹ்யாத்ரி மலையின் மரம் ஒன்றே நமக்கு உணர்த்தும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் மராத்தியர் ‘நரக்யா’ என்று வழங்கும் ஒரு சிறு மரம் உண்டு. சீன மரம் ஒன்றிலிருந்து 1966இல் அமெரிக்க அறிஞர்கள் கண்ட ‘காம்ப்டோதெசின்’ என்ற பொருள், புற்றுநோய் மருந்துகளுக்கு மூலமாயிற்று. அதே பொருள் நம் நரக்யா மரத்திலும் உண்டு என்று 1972இல் அறிவித்தவர்கள் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் விசுவநாதனும் ஆவர். கோவிந்தாச்சாரி சென்னை மாநிலக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கிப் பின் பம்பாய் கோரேகானில் சீபா ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய தமிழர். அவர் கண்ட உண்மை விஞ்ஞானத்திற்கு ஆக்கமாயிற்று. மரத்திற்கோ வணிகரின் கோடரியைக் கொண்டுவந்தது. ஏற்றுமதிக்காக நரக்யா மரங்கள் வெட்டிச் சாய்க்கப்பட்டு, காடுகளில் அருகிப்போயின.

இந்நிலையில், மரத்தின் உட்பட்டையில் வாழும் ஒரு பூஞ்சை அதே பொருளை ஆக்குகிறது என்று ஜம்மு ஆய்வாளர்கள் 2005இல் அறிவித்தனர். மரத்தை வெட்டாமல் பூஞ்சையைக் கொப்பரையில் வளர்த்தே மருந்து பெறலாம் என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் இயற்கை அவ்வளவு எளிதில் இணங்கவில்லை. சீன மரத்தின் உள்ளுறை பூஞ்சை ஒன்றை ஜெர்மனியில் ஆராய்ந்தனர். தட்டில் தலைமுறை தலைமுறையாக வளர்க்க வளர்க்க, மருந்தாக்கும் ஆற்றல் தேய்ந்துகொண்டே போயிற்று. காரணம் தேடியபோது, மருந்தாக்கும் படிகளுள் ஒன்றிற்குரிய என்சைம் பூஞ்சையிடம் இல்லை என்றும், அதனை மரத்திடமிருந்தே அது பெற்றிருத்தல் வேண்டும் என்றும் விளக்கினர். மருந்து குடியிருப்பவரிடம் மட்டுமில்லை, வீட்டிடம் மட்டுமுமில்லை. இருவரும் கூடி வாழும் வாழ்க்கையிலேயே அது பிறக்கிறது.

இதுவே நாம் இன்று வலியுறுத்த விரும்பும் கருத்து. ஒரு பூஞ்சையைப் பிரித்துக் குளிர்பெட்டியில் பூட்டி வைத்துவிட்டால் மருந்து காப்பாற்றப்பட்டது என்று எண்ணிவிடலாகாது. பூஞ்சைகளைச் சேமித்து வைப்பது இன்றியமையாத பணியே. நம் நகரில் அகர்க்கர் ஆராய்ச்சி நிலையத்திலுள்ள தேசியப் பூஞ்சைச் சேமிப்பகம் அப்பணியைச் செய்து வருகிறது. ஆனால் மரமும் வேண்டும். மரம் நிற்கும் காடும் வேண்டும். ஒரு மரவினம் அழியும்போது, அதனுள் மட்டுமே வாழ்ந்த எத்தனை குடிகள் பெயரும் பெறாமல் மறைகின்றன என்பதை எவர் கணக்கிட்டுக் கூற முடியும்?

நம் முன்னோர் இவ்வுண்மையை நுண்பெருக்கி கொண்டு கண்டிலர். ஆயினும் அதற்கேற்ப வாழ்ந்தனர். இம்மலைப் பகுதி ஊர்களில் ‘தேவராயி’ என்ற கோயிற்காடுகள் உள்ளன. அங்கே கோடரி படலாகாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. மாதவ் காட்கிலும், புனே அகர்க்கர் நிலையத்தைச் சேர்ந்த வி. டி. வர்தக்கும் இக்காடுகளை ஆராய்ந்து 1976இல் எழுதிய கட்டுரை உலகின் கவனத்தை ஈர்த்தது. நம் தமிழகத்து ஐயனார் கோயிற்காடும் தலமரமும் இதே மரபின் கிளைகள் அல்லவா? சென்னையில் விவேகானந்தர் பெயரால் அமைந்த வெப்பமண்டலப் பூஞ்சை ஆய்வு நிறுவனத்தின் அறிஞர் டி. எஸ். சூரியநாராயணன், பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டிலும், முதுமலைக் காடுகளிலும், வேம்பிலும் வாழும் உள்ளுறை பூஞ்சைகளைத் தம் குழுவினருடன் பல்லாண்டுகளாகக் கணக்கெடுத்து வந்துள்ளார். அக்கணக்கை எடுக்க இயன்றது, அக்காடுகள் இன்னும் நிற்பதனால்தான்.

இத்தகைய செல்வத்தைக் காட்டிலிருந்து எடுப்போர், அதனைக் காத்துவரும் மக்களுக்கும் பயனிற் பங்கு தர வேண்டுமென 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டம் விதிக்கிறது. அச்சட்டத்தின்படி அமைந்த தேசிய ஆணையத்தின் தலைமையிடம் நம் சென்னையிலேயே உள்ளது. மலைவாழ் மக்களுக்கு அன்று கிட்டாத நியாயம், இனி கண்டறியப்படும் மருந்துகளிலேனும் கிட்ட வேண்டும்.

இனி, காலனிக் குடும்பங்களாகிய நாம் செய்யத்தக்கது யாது? ஆய்வுக்கூடம் நடத்துவது நம்மால் இயலாது. ஆயினும் இரண்டு கடமைகள் நம் கைக்குள் அடங்கியவை.

முதலாவது, கையிலுள்ள மருந்தை வீணாக்காதிருத்தல். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாடிக் பயன்படாது. பக்கத்து வீட்டாருக்குக் குணம் தந்த மாத்திரை என்று நாமும் வாங்கி உண்பதும், எஞ்சியதை அடுத்த காய்ச்சலுக்கு எடுத்து வைப்பதும், மருத்துவர் குறித்த நாளுக்கு முன் நாமே நிறுத்திவிடுவதும் கிருமிகளுக்கு நாம் நடத்தும் பயிற்சிப் பள்ளிகள். சில ஆன்டிபயாடிக்குகளை மருத்துவரின் சீட்டின்றி விற்கலாகாது என்றும், விற்றதைத் தனி ஏட்டில் பதிய வேண்டும் என்றும் 2014 மார்ச் முதல் சட்டம் இருக்கிறது. மாத்திரை அட்டையில் காணும் செங்கோடு வெறும் அழகுக்காக இட்டதன்று. மருத்துவரைக் கேளாமல் உண்ணாதே என்னும் எச்சரிக்கை அது. திருக்குறளில் ‘மருந்து’ எனத் தலைப்பிட்ட அதிகாரம், மருந்துப் பெயர்களை அடுக்காமல், பெரும்பாலும் அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது. அளவறிதலே மருந்து என்னும் அத்தமிழ் நெறி, ஆன்டிபயாடிக் காலத்திற்கும் பொருந்தும்.

இவ்விடத்தில் தாய்மார்களுக்கு ஒரு சொல். இலைக்குள் மருந்து உண்டு என்று கேட்டதனால், வேப்பிலையை அரைத்துக் குடித்தால் ஆன்டிபயாடிக் வேண்டா என்று கருதிவிடாதீர்கள். இலையினுள் அப்பொருள் இருப்பது மிகமிகச் சிறிதளவே. அதனோடு நஞ்சும் இருக்கலாம். அதனைப் பிரித்து, அளந்து, சோதித்து மருந்தாக்கும் நீண்ட பாதையைக் குறுக்கு வழியிற் கடக்க இயலாது.

இரண்டாவது கடமை, மரத்தைக் காத்தல். வாகனம் நிறுத்த இடமில்லை என்றும், குப்பை விழுகிறது என்றும் காலனியின் வேம்பையும் புங்கத்தையும் அரசையும் வெட்ட முனையும்போது, வெட்டப்படுவது நிழல் மட்டுமன்று என்பதை எடுத்துரைக்க ஒருவரேனும் எழுந்து நிற்க வேண்டும். விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது குலதெய்வக் கோயிலின் காட்டுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். கோயிலுக்குக் கற்கட்டடமும் சிமெண்டுத் தரையும் நன்கொடையாக அளிப்பதைக் காட்டிலும், இருக்கும் மரங்களுக்கு வேலி அமைத்துத் தருவது பெரிய திருப்பணி என்று ஊராரிடம் சொல்லுங்கள்.

இளைஞர்களே! நீங்கள் படிக்கும் இந்நகரம் நுண்ணுயிர் ஆராய்ச்சிக்குப் பேர் பெற்றது. கணிப்பொறியை நாடிச் செல்வோர் பலர். பூஞ்சையை நாடிச் செல்வோர் சிலரே. உங்களுள் இருவரேனும் இத்துறையை நாடுவீர்களாயின், அதுவே இச்சொற்பொழிவின் பயன். பிம்ப்ரியில் ஒரு பிடி மண்ணை அள்ளி ஆராய்ந்தவர்கள் பெருஞ்செல்வர்கள் அல்லர். அவர்களிடம் இருந்தது பொறுமை. அப்பொறுமை உங்களிடமும் உண்டு.

புதிய மருந்தை ஆக்க இருபது ஆண்டுகள் வேண்டும். பழைய மருந்தைப் பயனற்றதாக்கச் சில ஆண்டுகள் போதும். நூறாண்டு மரத்தைச் சாய்க்க ஒரு பகற்பொழுது போதும். இவ்வேகங்களுள் முதலாவதை விரைவுபடுத்துவது விஞ்ஞானிகளின் கடன். பின்னிரண்டையும் தடுத்து நிறுத்துவது நம் அனைவரின் கடன். அக்கடனை நம் இல்லத்திலிருந்தும் நம் காலனியிலிருந்தும் தொடங்குவோமாக!